விபாசைக்குத் தெற்கே

தொடர் வரலாறு: ஒன்பதாம் இயல்

ஹெலஸ்பாண்ட் நீரிணையைக் கடந்த நாள் முதல் எட்டு ஆண்டுகளாகப் போர் ஒன்றையே வாழ்வாகக் கொண்டிருந்த மாசிடோனிய வீரர்கள், கி.மு. 326ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், விபாசை என்று நம் முன்னோர் அழைத்த பியாஸ் நதியின் கரையை அடைந்து, இனி ஓரடியும் கிழக்கே வைப்பதில்லை என்று நின்றுவிட்டதையும், கீனஸ் என்னும் மூத்த தளபதி எழுந்து அவர்களுடைய மனத்தை மன்னனுக்கு எடுத்துரைத்ததையும், மூன்று நாட்கள் கூடாரத்துக்குள்ளேயே முகம் காட்டாமல் இருந்த அலெக்ஸாந்தர், முடிவில் பன்னிரண்டு பலிபீடங்களை நிறுவிவிட்டு வந்த வழியே திரும்பியதையும் சென்ற இயலில் கண்டோம். அந்தப் பலிபீடங்களுக்குத் தெற்கே பரத கண்டத்தின் பெரும்பகுதி அவனுடைய பாதம் படாமலே கிடந்தது. அதிலும் தென்கோடியில், ஒருபுறம் வருசநாட்டு மலைகளும் மறுபுறம் ஏலமலைகளும் அரண் செய்ய, இடையே முல்லையாறும் சுருளியாறும் ஓடி வையையில் கலக்கின்ற கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி அவன் கனவிலும் கேட்டிருக்க நியாயமில்லை. ஆயினும், அவனுடைய சரித்திரத்தைத் தமிழில் எழுதப் புகுந்தவன், சிந்து நதியின் வழியே அவனைக் கடலுக்கு இறக்கிவிடுவதற்கு முன்னால், ஓர் இயலளவேனும் இந்தப் பள்ளத்தாக்கில் நின்று அக்காலத்தை நோக்கக் கடமைப்பட்டிருக்கிறான். அவன் வாழ்ந்த நூற்றாண்டின் தடயங்கள் என்று கொள்ளத்தக்கவை தேனி மாவட்டத்து மண்ணிலிருந்தே வெளிப்பட்டிருக்கின்றன என்பது அதற்கு முதற் காரணம். அவன் வாளால் எட்டமுடியாத இடங்களை அவனுடைய பெயர் எவ்வெவ்வழியாக எட்டியது என்பதற்குப் பாண்டிய நாடு போன்ற உதாரணம் வேறில்லை என்பது மற்றொன்று.

முதலில் வெள்ளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தட்சசீலத்து அரசன் ஆம்பி, அலெக்ஸாந்தரை எதிர்க்காமல் எதிர்கொண்டு வரவேற்றவன் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவன் அளித்த விருந்தின் முடிவில், மன்னனுக்கும் அவனுடைய நண்பர்களுக்கும் பொன்முடிகளை வழங்கியதோடு, முத்திரையிட்ட வெள்ளியில் எண்பது தாலந்து எடையும் காணிக்கையாக வைத்தான் என்று ரோமானிய ஆசிரியரான கர்ட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய நிறையில் அது ஏறத்தாழ 2,000 கிலோ வெள்ளி. அலெக்ஸாந்தரோ அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் தன் கொள்ளைப் பொருளிலிருந்து ஆயிரம் தாலந்தும், பொன் வெள்ளிப் பாத்திரங்களும், பாரசீக உடைகளும், தன் லாயத்துக் குதிரைகள் முப்பதும் ஈந்தான். அன்று இரவு விருந்தில், மெலியாகர் என்னும் தளபதி, ஆயிரம் தாலந்து பெறுமான ஒரு மனிதனை இந்தியாவிலாவது மன்னர் கண்டுகொண்டாரே, அதற்கு வாழ்த்து என்று கூறினான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சொல்லுக்காகவே தன் உயிரைக் காத்த கிளைட்டஸைக் குடிவெறியில் ஈட்டியால் குத்திக் கொன்று, பிறகு நாட்கணக்கில் அழுது கிடந்த அலெக்ஸாந்தர், இம்முறை கோபத்தை விழுங்கிக்கொண்டு, பொறாமைக்காரன் தன்னையே வதைத்துக்கொள்கிறான் என்ற அளவில் நிறுத்திக்கொண்டான். அவனுடைய குணத்தில் தாராளமும் உக்கிரமும் எத்துணை அருகருகே குடியிருந்தன என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி பல யுத்தங்களைவிட நன்றாகக் காட்டுகிறது.

அந்த முத்திரை வெள்ளி எத்தகையது என்பதைக் கண்ணாலேயே காணும் பாக்கியம் நமக்கு உண்டு. தட்சசீலத்தின் பழைய நகரமாகிய பீர் மேட்டில் 1924ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரைக் காசுகள் கொண்ட புதையல் ஒன்று அகப்பட்டது. வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை மூலைகளைச் செதுக்கிக் கழித்து, அதன்மேல் சூரியன், ஆறு கைகள் கொண்ட சக்கரம் முதலிய குறிகளைத் தனித்தனி அச்சால் அடித்துப் பதித்த காசுகள் அவை. அரசனின் முகமும் இல்லை, பெயரும் இல்லை, எழுத்து ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே, புழக்கத்தால் தேயாமல், அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்தவை போல, அலெக்ஸாந்தரின் பெயர் பொறித்த காசுகள் இரண்டும், அவனுக்குப் பின் பெயரளவில் அரசனாயிருந்த அவனுடைய மாற்றாந்தாய்ச் சகோதரன் பிலிப்பின் காசு ஒன்றும் இருந்தன. ஒருபுறம் சிங்கத்தோலைத் தலையில் போர்த்த ஹெராக்ளிஸின் முகம், மறுபுறம் அரியணையில் அமர்ந்து கழுகைக் கையில் ஏந்திய ஜீயஸ் என அச்சடிக்கப்பட்ட அந்தக் கிரேக்கக் காசுகளின் அழகுக்கு முன்னே, நம் முத்திரைக் காசுகள் கரடுமுரடாகவே தோன்றும். ஆனால் தூரதேசப் பிரயாணத்தில் வென்றவை எவை என்று பார்த்தால் நம் காசுகள்தாம்.

ஏனெனில், அதே குடும்பத்தைச் சேர்ந்த காசுகள், மலைகளையும் ஆறுகளையும் கடந்து, நம் போடிநாயக்கனூரில் வந்து மண்ணுக்கடியில் கிடந்தன. போடியில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் நாணயவியல் அறிஞர்களிடையே மிகவும் பெயர் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், ஒரே வகையின, முன்புறத்தில் வடநாட்டுக் காசுகளின் மரபை ஒட்டிய குறிகள், பின்புறத்தில் மீனின் உருவம் என்று அறிஞர் கொள்ளும் கோட்டு வடிவம். மீன் பாண்டியரின் இலச்சினையாதலால், இவை பாண்டிய நாட்டிலேயே அடிக்கப்பட்டவை என்ற கருத்து வலுப்பெற்றிருக்கிறது. அவ்வாறாயின், தட்சசீலத்துக் கடைவீதியில் செல்லுபடியான ஒரு பண முறையைத் தென்கோடி அரசன் ஒருவன் தெரிந்துகொண்டு, தன் அடையாளத்தையும் அதில் பொறித்துத் தன் நாட்டு வாணிபத்துக்குப் பயன்படுத்தினான் என்று ஆகிறது. இதைச் சாதாரணமான செய்தியாக எண்ணிவிட எனக்கு மனம் வருவதில்லை. விபாசைக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்று அறியத் துடித்தும் அறியாமல் திரும்பியவன் ஒரு மாபெரும் சைன்யத்தின் தலைவன். அந்த வடமேற்கிலிருந்து வையைக் கரைவரை ஒரு காசின் எடையும் மதிப்பும் இன்னதென்று அறிந்து பரிமாறிக்கொண்டவர்களோ, கழுதை முதுகிலும் எருத்து முதுகிலும் மூட்டை ஏற்றிச் சென்ற, பெயர் தெரியாத வணிகச் சாத்தினர். போடி அந்தப் பாதையில் இருந்தது தற்செயல் அன்று. சேரநாட்டு மலைகளிலிருந்து மிளகும் ஏலமும் இறங்குவதற்கும், பாண்டிய நாட்டு நெல்லும் உப்பும் ஏறுவதற்கும் உரிய கணவாய்கள் இந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் இருக்கின்றன; இன்று குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏறும் சாலைகள் அந்தப் பழைய வழிகளின் வாரிசுகளே.

காசு வணிகனின் சாட்சி. வீரனின் சாட்சியும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆண்டிபட்டி வட்டத்தில், வையைக் கரையை அடுத்த புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தார்கள். பழைய ஈமக்காட்டைச் சேர்ந்த கற்கள் அவை. பிற்கால நடுகற்களில் நாம் பார்த்துப் பழகிய வில்லேந்திய வீரனோ, அவனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் அரம்பையரோ அவற்றில் இல்லை. கல்லின் மேனியில் எழுத்துக்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவனுக்காக எடுத்த கல் என்று தெரிவிக்கிறது. நிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியத்துப் புறத்திணையியலில் வரும் ஆகோள் என்ற சொல் அதே வடிவில் அந்தக் கல்லில் இருப்பதை முதன்முறை படித்தபோது தமிழறிந்த எவருக்கும் மெய் சிலிர்த்திருக்கும். இக்கற்களின் காலத்தை அறிஞர்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல் இரண்டாம் நூற்றாண்டு வரை பலவாறு கணிக்கிறார்கள். முற்பட்ட கணிப்பு சரியானால், தீயன் அந்தவனும் அலெக்ஸாந்தரும் ஒரே நூற்றாண்டின் மக்கள். பிற்பட்டதே சரியென்றாலும், அவர்களுக்கிடையே சில தலைமுறைகளே ஆகும். கல்லில் சுட்டிய கூடலூர், பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் இன்றைய கூடலூர்தானா என்ற வினாவுக்கு முடிந்த முடிபு இல்லையெனினும், அந்த ஊரார் அப்படி நம்ப விரும்பினால் அவர்களைக் குறை சொல்ல நான் முன்வரமாட்டேன்.

உலகையே கட்டியாள முயன்ற சக்கரவர்த்தியையும், சில பசுக்களுக்காக உயிர் விட்ட ஓர் ஊர்க் காளையையும் ஒரு தராசில் நிறுத்தலாமா என்று கேட்போர் இருக்கலாம். அலெக்ஸாந்தரே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். கி.மு. 334இல் ஆசியக் கரையில் இறங்கியவுடன் அவன் செய்த காரியம், படை நடத்தியதன்று. டிராய் நகரத்துக்குச் சென்று, தன் தாய்வழி முன்னோன் என்று அவன் போற்றிய அகிலிஸின் சமாதிக்கு மாலை சூட்டியது. தன் புகழைப் பாட ஹோமரைப் போல் ஒரு கவி வாய்த்தானே, அகிலிஸ் எத்துணைப் பாக்கியசாலி என்று அவன் அங்கே ஏங்கியதாக ஆரியனும் புளூடார்க்கும் எழுதுகிறார்கள். அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த இலியத் ஏட்டைக் குத்துவாளோடு தலையணையின்கீழ் வைத்து உறங்கியவன் அவன். அந்த இலியத்திலோ, நெஸ்டர் என்னும் முதுவீரன் தன் இளமைப் பெருமையாக எடுத்துரைப்பது அண்டை நாட்டாரின் ஆடுமாடுகளை இரவோடு இரவாக ஓட்டி வந்த கதையைத்தான். நிரை கவர்ந்தும் நிரை மீட்டும் புகழ் பெறுவதும், மாண்டவனுக்குக் கல்லெடுத்து மாலையிடுவதும், அந்தப் புகழைப் பாணன் பாடக் கேட்டு அடுத்த தலைமுறை வாளெடுப்பதும் கிரேக்கத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே நிலவிய வீரயுகத்தின் ஒழுகலாறு. பெல்லா நகரத்து அரண்மனையில் பிறந்திராமல் வையைக் கரையில் ஒரு குறுநிலக் குடியில் பிறந்திருந்தாலும், அந்த மனிதனுக்கு இந்த ஒழுக்கம் அந்நியமாகத் தோன்றியிராது.

இனி, கிரேக்கர் நம்மைப் பற்றி என்ன அறிந்தார்கள் என்பதைப் பார்ப்போம். அலெக்ஸாந்தரின் கப்பல் மாலுமியான ஒனெசிக்ரிட்டஸ், தாப்ரோபனே என்று அவர்கள் அழைத்த இலங்கைத் தீவைப் பற்றியும், அதன் யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை என்பதைப் பற்றியும் எழுதினான். தெற்கைப் பற்றிய செய்தி படையின் காதுக்கு எட்டியது அவ்வளவே. அவனுக்குப் பின் ஒரு தலைமுறைக்குள், செலூக்கஸின் தூதனாகச் சந்திரகுப்த மௌரியனிடம் சென்ற மெகஸ்தனீஸ் அதைவிட வியப்பான செய்தி ஒன்றைக் கொண்டுவந்தான். ஹெராக்ளிஸுக்கு இந்தியாவில் ஆண்மக்கள் பலரும், பண்டையா என்ற பெண் ஒருத்தியும் பிறந்தார்கள் என்றும், அப்பெண்ணுக்குத் தெற்கே கடல்வரை பரந்த ஒரு நாட்டை அவன் ஆளக் கொடுத்தான் என்றும், அவளுக்கு 500 யானைகளும் 4,000 குதிரைகளும் 1,30,000 காலாட்களும் இருந்தன என்றும், கடலில் தேடி எடுத்த முத்துக்களால் மகளை அலங்கரித்தான் என்றும் அவன் எழுதினான். கன்னியாக இருந்து மதுரையை ஆண்ட அங்கயற்கண்ணியின் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த நமக்கு, கொற்கை முத்தும் பெண்ணரசும் சேர்ந்து வரும் இந்தக் கதை எந்த நாட்டைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த ஹெராக்ளிஸ் அலெக்ஸாந்தரின் தந்தைவழிக் குலமுதல்வன் என்பதையும், அவன் முகத்தைத்தான் தன் வெள்ளிக் காசுகளில் அலெக்ஸாந்தர் பொறித்தான் என்பதையும் சேர்த்து எண்ணினால், கிரேக்கர் தம் கணக்கில் பாண்டியரைத் தம் மன்னனுக்கு உறவாக்கிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். நாம் அந்த உறவைக் கொண்டாடவேண்டிய அவசியமில்லை. தெரியாத தேசத்தைத் தெரிந்த தெய்வத்தின் பெயரால் விளங்கிக்கொள்வது எல்லா யாத்திரிகரும் செய்வதே.

ஆனால் மெகஸ்தனீஸின் கதையில் கட்டுக்கதையல்லாத ஒரு கூறும் உண்டு. அந்த அரசியின் நாடு 365 ஊர்களாகப் பகுக்கப்பட்டிருந்தது என்றும், நாளுக்கு ஓர் ஊராக முறைவைத்து அரண்மனைக்கு இறை செலுத்தியது என்றும் அவன் சொன்னதாகப் பிற்கால ஆசிரியர் ஒருவர் குறித்திருக்கிறார். சிலப்பதிகாரத்தில், கோவலன் கொலையுண்ட நாளில், மதுரைப் புறஞ்சேரியில் இருந்த ஆயர்குடியில் மாதரி தன் மகளை அழைத்து, அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை இன்று நம்முடையது என்று சொல்லும் இடத்தை இதனோடு ஒப்பிட்டுக் காட்டியவர் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். நூற்றாண்டுகள் கடந்து எழுந்த காப்பியத்தில் ஆய்ச்சி வாயில் வரும் ஒரு சொல், பாடலிபுத்திரத்தில் இருந்த ஒரு கிரேக்கத் தூதன் செவிவழியாகக் கேட்டதற்குத் துணை நிற்கிறது.

அலெக்ஸாந்தரின் படையெடுப்பினால் விளைந்த அறிவுச் செல்வத்தில் செடிகொடிகளைப் பற்றியதும் ஒன்று. அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவருடைய கலாசாலையின் தலைமையேற்ற தியோபிராஸ்டஸ், படையோடு சென்றவர்கள் கொண்டுவந்த குறிப்புக்களைக் கொண்டே, கிளைகளிலிருந்து விழுதிறக்கி மண்டபம்போல் நிற்கும் ஆலமரத்தையும், பஞ்சு காய்க்கும் பருத்திச் செடியையும் விவரித்தார்; மிளகைக் குறித்தார்; கார்டமோமம் என்ற வாசனைப் பொருளைச் சிலர் மீதியாவிலிருந்தும் வேறு சிலர் இந்தியாவிலிருந்தும் வருவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். போடியின் ஏலக்கூடத்தில் தட்டில் கொட்டிய ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை சொல்லும் வியாபாரிகள் இன்று அந்தப் பொருளின் தலைநகரத்தில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்து மேலே செல்கிறேன்.

யவனர் என்னும் பெயரால் தமிழர் அறிந்தவர்கள், அலெக்ஸாந்தருக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் முசிறிக்கு மரக்கலம் ஏறி வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து நம் அரசர்களிடம் சேவகத்துக்கு அமர்ந்தவர்களும் ஆவர். பொன்னோடு வந்து மிளகோடு சென்றவர்கள் என்று ஒரு புலவர் அவர்களைக் கண்டார். பாண்டியனின் பாசறையில் மெய்காப்பாளராக மற்றொருவர் கண்டார். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் அவர்களைச் சிறைப்பிடித்து, தலையில் நெய் பெய்து, கைகளைப் பின்கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் பெருமையோடு பேசுகிறது. வாளேந்திய யவனர் மதுரைக் கோட்டை வாயிலைக் காத்து நின்றதை இளங்கோவடிகள் சொல்கிறார். அந்தக் காவலைக் கடந்தே கோவலன் நகரினுள் புகுந்தான். உலகை வென்றவனின் இனத்தார் பாண்டியனிடம் கூலி பெறும் வாயிற்காவலராக நின்ற அந்த நகரம், ஒரு பெண்ணின் சினத்தால் எரிந்தது. எரித்தவள் வையையின் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அவள் நடந்து வந்து சேர்ந்த மலை இதுவே என்று, சித்திரா பௌர்ணமி தோறும், கூடலூருக்கு அருகில் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கோட்டத்துக்குச் செங்குத்தான காட்டுப்பாதையில் மூச்சிரைக்க ஏறிச்செல்லும் பள்ளத்தாக்கு மக்களுக்குச் சந்தேகமே இல்லை.

மனிதன் ஒருவன் கதையாக மாறும் விதத்தை இந்தப் பள்ளத்தாக்கு நன்கு அறியும். பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895ஆம் ஆண்டு அணைத் திட்டத்தை முடித்த ஆங்கிலப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குக்கு, லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளில் தெய்வப் படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. அணைக்குப் பணம் போதாமல் போனபோது இங்கிலாந்தில் தம் சொத்தையெல்லாம் விற்று வந்து கட்டினார் என்று பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குப் பொருள் தந்தது சென்னை மாகாண அரசாங்கம் என்பது ஆவணத்தின் கூற்று. கேட்டால் முதியவர்கள் ஆவணத்தை மறுப்பதில்லை, கதையை விடுவதும் இல்லை. இருபோக வயலின் வரப்பில் நின்று பேசுகிறவர்களுக்கு, அந்தத் தண்ணீரின் அருமையை அளந்து சொல்ல அந்தக் கதையைவிடப் பொருத்தமான அளவை கிடைக்கவில்லை. அலெக்ஸாந்தரைப் பற்றிய கதைகளும் இப்படித்தான் பிறந்தன. வேற்றுமை என்னவெனில், அவை பிறந்த தேசங்கள் அநேகம், அவற்றிற்குக் காரணமான உணர்ச்சியும் நன்றி ஒன்று மட்டுமன்று.

கி.மு. 331இல் எகிப்தின் பாலைவனத்தில், ஆட்டுக்கொம்பு உடைய அம்மோன் தேவனின் கோயிலுக்குச் சென்று, அத்தேவனின் புத்திரன் என்ற அருள்வாக்கை அவன் பெற்றான். அவன் இறந்தபின் திரேஸ் நாட்டை ஆண்ட லிசிமாக்கஸ், காதருகே வளைந்து சுருண்ட கொம்போடு அவனுடைய முகத்தைக் காசில் பொறித்தான். திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயத்தில், கிழக்கும் மேற்கும் பிரயாணம் செய்து, யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாருக்கு எதிராக இரும்பும் செம்பும் உருக்கி மதில் எழுப்பிய துல்கர்னைன், அதாவது இரு கொம்புடையவர், என்ற நல்லரசர் ஒருவர் வருகிறார். அவர் அலெக்ஸாந்தரே என்று உரையாசிரியர் பலர் கொண்டனர். அதை மறுத்தவர்களும் உண்டு. அந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை தோறும் ஓதுவது முஸ்லிம்களிடையே போற்றப்படும் வழக்கமாதலால், உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உள்ள இராவுத்தர் இல்லங்களில் அந்த இரு கொம்பரசரின் வரலாறு வாரந்தோறும் ஒலிக்கிறது.

பாரசீகக் கவிஞர்கள் இஸ்கந்தர் என்றும், வடஇந்தியர் சிக்கந்தர் என்றும் வழங்கிய அந்தப் பெயர், ஒருமுறை மதுரைக்குப் படையோடும் வந்தது. தில்லியில் 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, தன் காசுகளில் இரண்டாம் சிக்கந்தர் என்று தன்னைப் பொறித்துக்கொண்டான். தானும் உலகை வெல்லப் புறப்படுவதாக அவன் கூறியபோது, தில்லியின் கொத்தவாலாக இருந்த முதியவர் அலாவுல் முல்க், சிக்கந்தருக்கு அரிஸ்டாட்டில் இருந்தார், தங்களுக்கு அத்தகைய மந்திரி யார் என்று கேட்டுத் தடுத்ததாக வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார். அந்தச் சுல்தானின் தளபதி மாலிக் காபூர், சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகத் தம்முள் பொருதுகொண்டிருந்த வேளையில், 1311ஆம் ஆண்டு மதுரையை அடைந்தான். பாண்டியரின் பொன்னும் யானைகளும் வடக்கே சென்றன. அடுத்த சில பத்தாண்டுகளில் மதுரையில் எழுந்து மறைந்த சுல்தான்களில் கடைசியானவரின் பெயரும் சிக்கந்தர் ஷா. மாசிடோனியாவின் மன்னன் பெயர், அவன் இறந்து ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின், பாண்டியர் தலைநகரில் அரசாண்ட பெயராயிற்று. மீன் பொறித்த காசுகளைப் போடியில் யாரோ புதைத்துவைத்து அதற்குள் பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

தமிழரின் கைபட்டு அந்தக் கதை கடல் கடந்த விதம் இன்னும் இனியது. செஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாற்று நூல், மலாக்கா அரசர்களின் குலத்தை இஸ்கந்தர் துல்கர்னைனிலிருந்து தொடங்குகிறது. இஸ்கந்தர் இந்திய மன்னன் ஒருவனின் மகளை மணக்கிறான். அந்த வழியில் வந்தவன், சோழன் என்ற பெயரின் எதிரொலியாக அறிஞர் கொள்ளும் ராஜா சூலன். சீனத்தை வெல்லப் பெரும்படையோடு புறப்பட்டு அவன் பாதி வழி வந்துவிட்டான் என்றறிந்த சீனத்தரசன், பல்லில்லாத கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும் ஏற்றி ஒரு கப்பலை அனுப்பினான். சீனம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம், நாங்கள் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களாய்ப் புறப்பட்டோம், இந்த மரங்கள் அன்று விதைகள், இந்த ஊசிகள் அன்று கைப்பருமன் இரும்புக் கம்பிகள் என்று கிழவர்கள் சொல்ல, ராஜா சூலன் படையைத் திருப்பிக்கொண்டான். விபாசைக் கரையில் வீரர்களின் களைப்பால் திரும்பியவனின் கதை, இங்கே எதிரியின் சாமர்த்தியத்தால் திரும்பியவனின் கதையாக உருமாறியிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசைதான், நிரூபிக்க வழியில்லை. ஆனால் அடுத்துவரும் பகுதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. நிலத்தை வென்றவன் கடலடியையும் காண விரும்பி, கண்ணாடிப் பேழை ஒன்றில் அமர்ந்து ஆழத்தில் இறங்குகிறான். அலெக்ஸாந்திரியாவில் உருவாகி மொழிதோறும் வளர்ந்த அலெக்ஸாந்தர் கதையில், அந்த மன்னனே செய்ததாகச் சொல்லப்படும் சாகசம் இது. அதைச் சோழன் பெயரில் ஏற்றிவிட்டார் மலாய் ஆசிரியர். கடலடி நாட்டில் ஓர் இளவரசியை மணந்து பிறந்த மக்கள் மூவரும் வளர்ந்தபின் பாலெம்பாங்கில் உள்ள சிகுந்தாங் குன்றில் தோன்றினார்கள் என்றும், அவர்களிலிருந்து மலாய் அரசகுலங்கள் தழைத்தன என்றும் நூல் தொடர்கிறது.

பாலெம்பாங் என்பது ஸ்ரீவிஜயத்தின் தலைநகரம். 1025ஆம் ஆண்டு முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை சென்று தாக்கிய இடமும் அதுவே. அந்த அதிர்ச்சி ஆறு நூற்றாண்டுகளாக மலாய் மக்களின் நினைவில் கதையாக ஊறிக் கிடந்து, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நூல் தொகுக்கப்பட்டபோது, அவர்கள் அறிந்த உலகத்தின் மிகப்பெரிய வெற்றி வேந்தனோடு ஒட்டவைக்கப்பட்டது. அலெக்ஸாந்தருக்குப் பக்கத்தில் நிறுத்த அவர்களுக்கு அகப்பட்டவன் ஒரு தமிழ் மன்னன்.

விபாசைக் கரையிலிருந்து திரும்பிய சைன்யம், ஜீலம் நதிக்கு வந்து, இமயச் சாரலின் மரங்களைக் கொண்டு தோணிகளும் கப்பல்களும் கட்டி, கி.மு. 326ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடலை நோக்கிப் புறப்பட்டது. புறப்படுவதற்கு முன்பே, மன்னனுக்கு எதிராக நின்று பேசிய கீனஸ் நோயுற்று இறந்தான். மாளவர் கோட்டையின் மதில்மேலிருந்து அலெக்ஸாந்தர் தனியனாக உள்ளே குதித்ததையும், அவன் மார்பில் பாய்ந்த அம்பையும் அடுத்த இயலில் காண்போம்.